முட்டைக்கோஸை உறையவைத்துப் பாதுகாக்கும் முறை

விளைவிக்கும் திறமைக்கு அடுத்தபடியாகக் குடியானவன் கற்கவேண்டியது விளைந்ததைக் காக்கும் திறமையாகும். கோஸ் பயிரில் இது மிகவும் அவசியம். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் தாளவாடியிலும் ஓசூர்ப் பக்கத்திலும் ஏககாலத்தில் அறுவடையாகி, கோயம்பேட்டுச் சந்தைக்கு வரத்து மிகுந்துவிட்டால், வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் கட்டாமல் கோஸைக் காட்டிலேயே மாடுகளுக்கு விட்டுவிடும் குடியானவர் உண்டு. அதே காய் சில மாதங்களில் விலை ஏறி, வாங்குவோர் தயங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது.

முடிச்சூர் முதலிய தாம்பரம் பக்கத்துக் கிராமங்கள் ஆதியில் ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்தவை. நஞ்சையில் பெரும்பகுதி வீட்டுமனையாகிவிட்டது. எஞ்சிய நிலத்திலும் கொல்லைப்புறத்திலும் காய்கறி இடுவோர், ஆவணி புரட்டாசியில் கோஸ் நாற்றுவிட்டால் மார்கழி தையில் காய் கிடைக்கும். மலைக் கோஸும் அப்போதே சந்தைக்கு வருமாயின் விலை இறங்கிவிடும். இவ்வாறு மலிந்த காலத்தில் மிஞ்சுவதை வீட்டுச் செலவுக்கு உறையவைத்துக்கொள்ளும் விதத்தை இங்கு விவரிப்போம்.

முதலில் அறியவேண்டியது

கப்பலில் அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அக்கட்டடமே இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அன்று சிலருக்கே கிட்டிய குளிர்ச்சி இன்று அனேக வீடுகளில் பிரிட்ஜ் என்னும் குளிர்ப்பெட்டியாக வந்திருக்கிறது. ஆனால் பெட்டி இருப்பதனால் மட்டும் காய் கெடாதிருக்குமென்று எண்ணுவது தவறு.

கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் ஜலமே உள்ளது. அது உறையும்போது ஊசிபோன்ற பனித்துகள்களாகி இலையின் நுண்ணறைகளைக் கிழித்துவிடுகிறது. ஆகையால் உறைந்து இளகிய கோஸ் மொறுமொறுப்பை இழந்து துவண்டுவிடும். பச்சையாகத் தின்பதற்கு அது உதவாது. கூட்டு, சாம்பார், குருமா முதலிய வேகவைக்கும் பண்டங்களுக்கே ஏற்றது.

மேலும், காயில் இயல்பாக உள்ள நொதிப்பொருள்கள் பறித்தபின்னும் வேலைசெய்து நிறத்தையும் மணத்தையும் மாற்றுகின்றன. குளிர்ச்சி அவற்றின் வேலையைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தாது, நிறுத்தவல்லது உஷ்ணமே. கொத்தவரங்காய் வற்றல் இடும்போது நம் பெண்கள் காயை உப்புநீரில் ஒரு கொதி கொதிக்கவைத்த பின்னரே வெயிலில் பரப்புவதை யாவரும் அறிவர். உறையவைக்கும் கோஸுக்கும் வெந்நீரே முதல் வேலை; குளிர்ப்பெட்டி கடைசி வேலை. இம்முறையை மாற்றிப் பச்சையாகவே திணித்துவைப்போர், சில வாரங்களில் நிறம் மங்கி வேண்டாத நெடி ஏறிய காயையே கண்டு, பெட்டியின்மேல் குறைசொல்லுகிறார்கள்.

செய்முறை

கையில் கனமாகவும் இறுக்கமாகவும் உள்ள கோஸை, கூடியவரை அறுத்த அன்றே எடுத்துக்கொள்ளவேண்டும். வெடித்ததும் அழுகல் கண்டதும் உதவா. மேலிலைகளை நீக்கி, பிளந்து, ஒரு லிட்டர் ஜலத்துக்கு ஒரு தேக்கரண்டி உப்பு வீதம் கரைத்த நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டால் உள்ளே ஒளிந்துள்ள புழுக்கள் வெளிவந்துவிடும். பிறகு நன்றாய்க் கழுவி, நடுத்தண்டை நீக்கி, சற்றுப் பருவெட்டாக நறுக்கவும். அல்லது துண்டங்களாகப் பிளந்துகொள்ளவும்.

அகன்ற பாத்திரத்தில் 4 லிட்டர் ஜலம் தளதளவென்று கொதிக்கும்போது, ஒரு தடவைக்கு அரைக்கிலோ மட்டும் துணியில் தளர்வாகக் கட்டியோ வடிகூடையில் இட்டோ முக்கவேண்டும். நறுக்கிய கோஸுக்கு ஒன்றரை நிமிஷமும் துண்டங்களுக்கு மூன்று நிமிஷமும் போதும். மறுபடி கொதிவந்த கணத்திலிருந்து நேரத்தைக் கணக்கிடுக. அதிகக் காயை ஒரேயடியாகப் போட்டால் ஜலம் ஆறிப்போய்க் கொதிவரத் தாமதமாகும், காய் வெந்துபோகும். நேரம் குறைந்தாலும் தீங்கே. அரைகுறைச் சூடு நொதிப்பொருள்களை அடக்குவதற்குப் பதிலாகத் தூண்டிவிடும்.

எடுத்தவுடன் ஐஸ் இட்ட ஜலத்தில் அமிழ்த்தவேண்டும். காயின் நிறைக்குச் சமமான ஐஸ் இருத்தல் நலம். கொதிநீரில் இருந்த அளவு நேரமாவது குளிர்நீரில் இருந்து, உள்ளும் ஆறியபின் வடிதட்டில் இட்டு, சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றியெடுக்கவும். ஈரம் நின்றால் அதுவே கட்டியாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாகத் தடித்த பிளாஸ்டிக் பைகளில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைக் கட்டித் தட்டையாகப் பரப்பிவைக்கவேண்டும். தட்டையான பொட்டலம் விரைவில் உறையும். விரைவில் உறைந்தால் பனித்துகள் சிறுத்துக் காய்க்குச் சேதம் குறையும். ஒவ்வொரு பையிலும் தேதி எழுதுவது அவசியம். உறையறையின் ஒவ்வொரு 28 லிட்டர் கொள்ளளவுக்கும் ஒரு நாளில் 1 கிலோவுக்கு மேல் புதிதாய் இடலாகாது.

பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி சென்டிகிரேடு குளிர்ச்சி நிலைத்திருக்குமாயின் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை சுவை குன்றாது. ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறிய ஐஸ் அறையில் அவ்வளவு குளிர்ச்சி நிலைப்பது அரிது; அதில் வைப்பதைச் சில வாரங்களில் செலவழித்துவிடுக. சமைக்கும்போது இளகவிடாமல் நேரே பாத்திரத்தில் இடலாம். முன்பே சூடு கண்டதாகையால் விரைவில் வெந்துவிடும்.

மின்சாரம் நின்றால்

இப்பக்கத்தார் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது இதுவே. காய் மலியும் மார்கழிக்கு முன்னே புயல் மழைக் காலமாக இருக்கிறது. 2015-ஆம் வருஷத்து டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியதும், 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலில் கம்பங்கள் சாய்ந்ததும், 2023-ஆம் வருஷத்து மிக்ஜாம் புயலும் மறக்கத்தக்கவையல்ல. அத்தகைய நாட்களில் உறையறையை நம்பியிருப்போர் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தனி உறைபெட்டி நிரம்பியிருந்து கதவு திறவாதிருந்தால் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியதாயின் சுமார் 24 மணி நேரமும் குளிர்ச்சி காக்கும். பிரிட்ஜோடு சேர்ந்த அறை அவ்வளவு தாங்காது. ஆகவே புயல் அறிவிப்பு வந்ததும், காலியிடத்தில் முக்கால் அளவு ஜலம் நிரப்பிய பாட்டில்களை வைத்து உறையவிடுக.

ஒரு கிண்ண ஜலத்தை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருப்பது எளிய சோதனையாகும். வீட்டை விட்டு வெளியேறித் திரும்பியபோது நாணயம் அடியில் கிடக்குமாயின், இடையில் யாவும் இளகி மறுபடி உறைந்ததென்று பொருள். அக்காயை எறிந்துவிடுவதே நலம். பொட்டலத்தில் இன்னும் பனித்துகள் தென்பட்டால் உடனே சமைக்கலாம், அல்லது மறுபடி உறையவைக்கலாம். முழுதும் இளகி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பில் இருந்ததை, வாசனை நன்றாயிருந்தாலும் உண்ணலாகாது.

எவ்வளவு, எவருக்கு?

வெட்டாத முழுக் கோஸ் பிரிட்ஜின் சாதாரண அறையிலேயே இரண்டு மூன்று வாரம் கெடாதிருக்கும். அதற்குள் செலவாகக்கூடியதை உறையவைப்பது வீண் உழைப்பு. மேலும், வீட்டுப் பெட்டியில் அடங்குவது சில கிலோவேயாகும். ஏக்கர்க் கணக்கில் பயிரிடுவோர் இம்முறையால் விலைவீழ்ச்சியினின்று தப்பிவிடலாம் என்று நம்பவேண்டாம். அவர்கள் நிலத்தைப் பகுதிகளாக்கி, பதினைந்து நாள் இடைவிட்டு நாற்றுவிட்டு, அறுவடையைப் பிரித்துக்கொள்வதே தக்க பரிகாரம்.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இம்முறையைச் செய்துகாட்ட ஏற்பாடு செய்தால் ஊருக்கு நன்மையுண்டாகும். வீட்டில் உறையவைத்ததை விற்க விரும்புவோர் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பதையும் அவர்களுக்கு அறிவித்தல் வேண்டும்.

வாட்டுதல், குளிர்வித்தல், வடித்தல், உறையவைத்தல் என்னும் நான்கில் ஒன்று தவறினாலும் பயனில்லை. முதன்முதல் ஒரே ஒரு கோஸில் இதைச் செய்துபார்த்து, ஒரு மாதம் கழித்துக் கூட்டு வைத்து ருசிபார்த்த பின்னரே அதிகமாகச் செய்யத் தொடங்குவது விவேகம்.