பதற்ற நாளில் பக்கத்து வீடு

2025 பிப்ரவரி 3, 4 தேதிகளில் மதுரை மாவட்டம் முழுக்கத் தடையுத்தரவு. அதே ஆண்டு டிசம்பர் 3, திருக்கார்த்திகை அன்று திருப்பரங்குன்றத்தில் மறுபடியும். இரண்டுக்கும் காரணம் ஒரே மலை. அடிவாரத்தில் முருகன் கோயில். மேலே காசி விசுவநாதர் கோயிலும் சிக்கந்தர் பாதுஷா தர்காவும். அந்த மலையில் யார் எதைச் செய்யலாம் என்ற வழக்கைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, அந்த அடிவாரத்தில் குடியிருப்பவர்களின் தூக்கத்தைப் பற்றி.

தெருமுனையில் இரும்புத் தடுப்பு, போலீஸ் வேன், முழக்கச் சத்தம். கார்த்திகைப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து, மாட்டுத்தாவணியில் விலை ஏறிக்கிடக்கும் நேரம். கடன் சொல்லி வாங்கிய பூ ஈரச்சாக்குக்குள்ளேயே கறுத்துப்போனால், பூக்காரம்மாவுக்கு அந்தக் கவலை உடம்பில்தான் போய் உட்காரும். “நெஞ்சு படபடங்குது, சோறு இறங்க மாட்டேங்குது” என்பார்கள். இது கோழைத்தனம் இல்லை. ஆபத்து வருகிறது என்று உடம்பு தயாராகும்போது தூக்கமும் பசியும்தான் முதலில் போகும். நிலைமை அடங்கினால் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும்.

அடங்க விடாமல் செய்வது கையில் இருக்கும் போன். 2013-இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அந்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அதே செய்தியில் மூழ்கிக் கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்தம் கூடுதலாக இருந்ததாம். நம் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காணொளி எந்த ஊரில், எந்த வருஷம் எடுத்தது என்றுகூடத் தெரியாது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை செய்தி பார்த்தால் போதும். படுக்கைக்குப் போனைக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் எதிரில் அந்தக் காணொளிகளை ஓடவிடவே வேண்டாம்.

அந்தக் காணொளி யாரைக் கண்டு பயப்படச் சொல்கிறதோ, அவர் நாலு வீடு தள்ளித்தான் இருப்பார். “என்ன பாய், இன்னைக்குக் கடை இல்லையா?” “இல்லண்ணே, நாளைக்குப் பாப்போம். வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?” இவ்வளவுதான் பேச்சு. இரண்டு பக்கமும் படபடப்பு பாதி இறங்கிவிடும். பதற்ற நாளில் முதலில் அறுந்துபோவது இந்தப் பேச்சுதான். அதை விடாமல் பிடித்துக்கொள்வதே பெரிய மனநலப் பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

அதிர்ந்துபோய் வந்தவரிடம், “என்ன நடந்துச்சு, சொல்லு சொல்லு” என்று குடையக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் இதைத்தான் சொல்கிறது. உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், வீட்டாருக்குத் தகவல் சொல்லுங்கள். அவராகப் பேசினால் காதுகொடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு வீட்டில் இருக்கட்டும். கடையடைப்பு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் வைத்தியம் தேவை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992 முதல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இந்த ஊரில் மனநலப் பணி செய்துவருகிறது. வெளியே போக முடியாத நாளென்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை இன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.