அரசு தரும் வீடும் ஆற்றல் சிக்கனமும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தரின் அடிப்படைத் தேவைகள் என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்றுவிடுகிறோம். உணவின் தரத்தையும் உடையின் தரத்தையும் ஆராய்ந்து பேசுகின்ற நாம், உறையுளைப் பற்றிப் பேசும்போது மட்டும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறோம். இத்தனை இலட்சம் வீடுகள் கட்டப்பட்டன என்பது செய்தியாகிறது. சித்திரை, வைகாசித் திங்களின் நண்பகலில் அவ்வீடுகளுக்குள் ஒரு குழந்தையைத் தூங்கவைக்க இயலுமா என்பது செய்தியாவதில்லை. அரசின் பொருளுதவியால் எழும் வீடுகளுக்கு ஆற்றல் சிக்கன விதிகள் ஏன் வேண்டும், நம் நாட்டில் அவை எந்த அளவில் உள்ளன, எவ்விடத்தில் குறைபடுகின்றன என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

ஓலையிலிருந்து கான்கிரீட்டுக்கு

ஏழை எளியோர்க்கு அரசு வீடு தரும் முயற்சிக்கு நம் நாட்டில் நெடிய வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. 2021இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஊரகங்களுக்கென 1985இல் தொடங்கப்பட்ட இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2016இல் பிரதம மந்திரியின் ஊரக வீட்டுவசதித் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டது. நகர்ப்புறங்களுக்கான திட்டம் 2015இல் வந்தது. தமிழ்நாடு அரசு 2011இல் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தையும், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தையும் அறிமுகப்படுத்தியது. பொதுமக்கள் ‘தொகுப்பு வீடு’ என்று வழங்குவன பெரும்பாலும் இத்தகைய திட்டங்களின் வழி வந்தவையே.

இத்திட்டங்களின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. தீக்கும் புயலுக்கும் அஞ்சி வாழ்ந்த குடும்பத்திற்குக் கான்கிரீட் கூரை பெரும் பாதுகாப்பு. ஆயினும் ஓலைக்கு ஒரு நற்குணம் இருந்தது. தன் அடுக்குகளின் இடையே காற்றைத் தேக்கி வைத்து, வெயிலின் வெப்பம் உள்ளே இறங்காதவாறு அது தடுத்தது. கான்கிரீட்டோ பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கிச் சேர்த்து, மாலையிலும் முன்னிரவிலும் வீட்டினுள் உமிழ்கிறது. பாதுகாப்பைப் பெற்ற குடும்பம், குளிர்ச்சியை இழந்தது.

இவ்விழப்பை எண்ணால் அறிவது எளிது. கூரையின் இருபுறமும் 1 பாகை வெப்ப வேறுபாடு இருக்கையில் 1 சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடந்து செல்கிறது என்பதே வெப்பக் கடத்து மதிப்பு. மேலடுக்கு ஏதுமின்றி வெறுமையாக விடப்பட்ட கான்கிரீட் தளத்திற்கு இம்மதிப்பு ஏறத்தாழ 3.5 ஆகும். 300 சதுர அடிக் கூரை என்பது சுமார் 28 சதுர மீட்டர். வெயிலில் காயும் கூரைக்கும் உள்ளறைக்கும் 20 பாகை வேறுபாடு எனக் கொண்டால், உள்ளே இறங்கும் வெப்பம் 1,960 வாட். வீட்டில் பயன்படும் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டினைத் தலைக்கு மேலே நிறுத்தாமல் எரிய விட்டதற்கு இஃது ஒப்பாகும். கடத்து மதிப்பை 1.2 ஆகக் குறைத்துவிட்டால் இதே வெப்பம் 672 வாட்டாகத் தணிந்துவிடும்.

செலவைத் தாங்குவோர் யார்?

தன் பொருளைக் கொண்டு தனக்கென வீடு கட்டுபவர், கூரைக்குச் சிறிது கூடுதலாகச் செலவிட்டுப் பின்னாளில் மின்கட்டணத்தில் அதனை மீட்டுக்கொள்ளலாம். செலவிடுபவரும் பயன் பெறுபவரும் ஒருவரே ஆதலின் அவர் எண்ணிப் பார்க்கிறார். வாரியக் குடியிருப்பில் இந்நிலை இல்லை. கட்டும் செலவு அரசினுடையது. குடியேறிய பின் வரும் மின்கட்டணமும் புழுக்கமும் குடியிருப்போருடையவை. சுவரின் பொருளையோ சாளரத்தின் திசையையோ தெரிவு செய்வதில் அவருக்குப் பங்கில்லை. கட்டும்போது சேமிக்கப்படும் தொகை ஒருமுறை சேமிக்கப்படுவது. அதன் விளைவோ பல்லாண்டுகள் ஒவ்வொரு கோடையிலும் தொடர்வது. எனவேதான் இவ்விடத்தில் விதி தேவைப்படுகிறது. வரைபடம் தீட்டும் மேசையில் இடம்பெறாத குடியிருப்பாளரின் சார்பில் பேசுவது அவ்விதி ஒன்றே.

வீடு பலருக்குப் பணியிடமுமாகும் என்பதையும் மறத்தலாகாது. நெல்லை, வேலூர்ப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்கள் தம் வீட்டுத் தரையில் அமர்ந்தே நாள் முழுதும் உழைக்கின்றனர். தையல், பூக்கட்டுதல் முதலான தொழில்களும் அவ்வாறே. நண்பகலில் கைகள் சோர்ந்தால் அன்றைய கூலி குறைகிறது. முதியோரும் நோயாளிகளும் பகலில் வெளியே செல்ல இயலாதவர்கள். ஆகவே கூரையின் வெப்பம் அவர்களுடைய வருவாயையும் உடல்நலத்தையும் ஒருங்கே தாக்குகிறது.

மின்விசிறி உள்ளதே என்று கேட்கலாம். 75 வாட் மின்விசிறி ஒன்று நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழன்றால் இரு மாதங்களில் 67 யூனிட்டுக்கு மேல் செலவாகும்; 30 வாட்டில் இயங்கும் புதுவகை விசிறிக்கு 27 யூனிட் போதும். இச்சிக்கனம் வரவேற்கத்தக்கதே. எனினும் விசிறி காற்றை அசைக்குமேயன்றிக் குளிர்விக்காது. அறையின் காற்றே உடலின் வெப்பத்தை எட்டிவிட்டால் விசிறியின் பயன் குன்றிவிடும். முதலில் வெப்பத்தை வாயிலிலேயே தடுத்தல் வேண்டும். கருவிகளின் சிக்கனம் அதற்கு அடுத்ததாகும்.

சட்டம் சொல்வன

ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. அதன் வழியே 2007இல் வந்த கட்டட விதித்தொகுதி, வணிகக் கட்டடங்களை மட்டுமே கருத்தில் கொண்டது. குடியிருப்புகளுக்கென முதன்முதலாக ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் தொகுதியை ஆற்றல் திறன் செயலகம் 2018 டிசம்பரில் வெளியிட்டது. 2022இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் குடியிருப்புக் கட்டடங்களையும் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுவந்தது.

2018ஆம் ஆண்டுத் தொகுதி வகுத்த அளவுகளுள் மூன்றனை நாம் அறிந்துகொள்ளல் நலம். முதலாவது, கூரையின் வெப்பக் கடத்து மதிப்பு 1.2க்கு மிகுதல் கூடாது. இரண்டாவது, குளிர் மிகுந்த பகுதிகள் நீங்கலாக ஏனைய இடங்களில், சுவரும் சாளரமும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம், வெம்மைப் பருவத்தின் சராசரியில், சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டுதல் கூடாது. பல மாடிக் கட்டடங்களில் உச்சி மாடிக்கு மட்டுமே கூரை வெப்பம் நேரே இறங்கும். ஏனைய மாடிகளைச் சுடுவன சுவரும் சாளரமுமே ஆதலின் இவ்விதி இன்றியமையாதது. மூன்றாவது, சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், திறந்துகொள்ளத்தக்க சாளரப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும். அதாவது 300 சதுர அடி வீட்டிற்கு 50 சதுர அடி. திறக்க இயலாத கண்ணாடி இக்கணக்கில் சேராது.

சாளரத்தைக் குறிக்கச் சிலப்பதிகாரம் ‘காலதர்’ என்னும் சொல்லை ஆள்கிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே சாளரம் என்னும் கருத்தைச் சொல்லிலேயே வைத்த மொழி நம்முடையது. இன்றைய விதியும் அக்கருத்தையே அளவாக்கித் தருகிறது எனலாம்.

விதி எட்டாத வீடுகள்

இவ்விதிகள் நல்லனவே. ஆயின் அவை யாருக்கு எட்டுகின்றன என்று நோக்குதல் வேண்டும். 2018ஆம் ஆண்டுத் தொகுதி, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கென வகுக்கப்பட்டது. வாரியங்கள் எழுப்பும் அடுக்குமாடிகள் இவ்வளவுக்குள் அடங்கும். ஊரகத்தில் தனித்தனியே எழும் வீடோ அடங்காது. மத்திய அரசின் ஊரகத் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். சமவெளிப் பகுதிகளுக்கு 1.20 இலட்சம் ரூபாய் உதவியாக வகுக்கப்பட்டது. கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு 3.50 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. நான்கு புறமும் வெயில் படுவதும், கூரை முழுதும் வானத்தை நோக்கிக் கிடப்பதும் இத்தகைய தனி வீடுகளே. மிகுதியாகக் காயும் வீடு விதியின் வெளியே நிற்கிறது. மேலும், மைய அரசின் தொகுதி அந்தந்த மாநிலம் தன் கட்டட விதிகளில் சேர்த்துக்கொண்ட பின்னரே நடைமுறையில் உயிர் பெறும் என்பதும் கருதத்தக்கது.

செய்ய இயலும் என்பதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. குஜராத்தின் ராஜ்கோட்டில், ஏழைகளுக்கான வீட்டுவசதித் திட்டமொன்றில், இந்திய-சுவிட்சர்லாந்துக் கூட்டு முயற்சியின் துணையோடு, நுண்துளைகள் நிறைந்த இலகு கற்களால் சுவர் எழுப்பிக் கூரைக்கும் காப்பிட்டனர். தெலங்கானா அரசு 2023இல் வெளியிட்ட குளிர்கூரைக் கொள்கை, அரசு வழங்கும் குறைந்த வருவாய்க் குடியிருப்புகளுக்கும் குளிர்கூரையைக் கட்டாயமாக்கியது. கேரளத்தில் லாரி பேக்கர் பல்லாண்டுகள் கடைப்பிடித்த ‘எலிப்பொறி’ முறைச் சுவர், நடுவே வெற்றிடம் விட்டுச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்குவது; செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாவதோடு வெப்பமும் குறைகிறது. சிக்கனமும் குளிர்ச்சியும் எப்போதும் பகையாவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

வீட்டின் தரத்தை உயர்த்தினால் வீடுகளின் எண்ணிக்கை குறையுமே என்னும் வினா நேர்மையானது. உதவித்தொகையை உயர்த்தாமல் விதியை மட்டும் சுமத்துவது பயனாளியின் கடனையே பெருக்கும். ஆகையால் விதியும் அதற்குரிய தொகையும் சேர்ந்தே வருதல் வேண்டும். அதுவரை எளியவற்றிலிருந்து தொடங்கலாம். கூரையின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கையிட்டுத் தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்கள் நன்கறிந்த முறை. 1.2 என்னும் அளவை அது தனியே எட்டாவிடினும் வெப்பத்தைக் கணிசமாகத் தணிக்கும். செலவைக் குறைக்க எண்ணும்போது கைவிட எளிதாக இருப்பதும் இவ்வடுக்கே ஆதலின், இதனைக் காப்பது விதியின் கடமை. அதற்கும் இயலாத இடத்தில் கூரைக்கு வெண்சுண்ணாம்பு பூசலாம். ஆண்டுதோறும் கோடைக்கு முன் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் சாளரமும், மேற்குச் சாளரத்தின் மேல் நீண்ட சன்ஷேடும் மற்ற இரண்டு.

அடித்தளம், லிண்டல், கூரை எனப் பணியின் படிநிலைகளைச் சரிபார்த்த பின்னரே உதவித்தொகையின் தவணைகள் விடுவிக்கப்படுகின்றன. அச்சரிபார்ப்புப் பட்டியலில் கூரையின் மேலடுக்கையும் எதிரெதிர்ச் சாளரங்களையும் சேர்ப்பதற்குப் புதிய அலுவலகமோ புதிய அலுவலரோ தேவையில்லை. ஊராட்சிக் கூட்டங்களில் அமரும் பெரியோர்கள் இதனை வலியுறுத்தலாம். விண்ணப்பங்களை நிரப்பித் தரும் நம் மாணவர்கள், வீடு எழத் தொடங்குமுன்பே மேற்கு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று அக்குடும்பத்தாரைக் கேட்கச் செய்யலாம். சுவர் எழுந்த பின் சாளரத்தின் திசையை மாற்றுதல் அரிது. கயிறு பிடித்து மனையில் கோடு கிழிக்கும் நாளில் மாற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை.