குயில்ட் தையலில் நூல் நுனியை அடக்குவது

தையல் மெஷின் போடும் தையலில் முடிச்சே கிடையாது. ஊசியில் வரும் மேல்நூலும் பாபினிலிருந்து வரும் அடிநூலும் துணிக்குள் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்ற மெஷினிலும் இதே பூட்டுத் தையல்தான். வரிசையின் நடுவில் இந்தப் பிடி உறுதியானது. தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மட்டும் நூலைப் பிடிக்க அடுத்த தையல் இல்லை. அங்கே நுனி தளர்ந்தால் துவைக்கத் துவைக்க ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டே வரும்.

சட்டையிலும் பாவாடையிலும் இது பெரிய சங்கதி அல்ல. நுனிகள் மடிப்புக்குள்ளோ இன்னொரு தையலுக்கு அடியிலோ போய்விடும். ரிவர்ஸில் நாலு தையல் அடித்தால் வேலை முடிந்தது. குயில்ட்டில் அப்படி இல்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் போர்வையின் நட்டநடுவில், இரு பக்கமும் கண்ணில் படும்படி ஓடுகிறது. பிடிமானமும் அதுதான், அலங்காரமும் அதுதான். பூவின் இதழ் முடியும் இடத்தில் ரிவர்ஸ் அடித்தால் நூல்மேல் நூல் ஏறி, மெத்தென்ற பரப்பில் கட்டியாகத் தெரியும். பழக்கதோஷத்தில் பலரும் செய்வது இதைத்தான். குயில்ட்டில் விடவேண்டிய முதல் பழக்கமும் இதுவே.

எந்த முறையில் நுனியை அடக்கினாலும் முதலில் அடிநூலை மேலே கொண்டுவர வேண்டும். மேல்நூலின் நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, கைச்சக்கரத்தைச் சுற்றி ஒரே ஒரு தையல் போட்டு ஊசியை மேலே தூக்கினால், நூலை இழுக்கும்போது பாபின் நூல் சிறு வளையமாக எட்டிப் பார்க்கும். அதை வெளியே இழுத்து, இரண்டு நுனியையும் ஊசிக்குப் பின்னால் பிடித்தபடி, அதே துளையில் ஊசியை இறக்கித் தொடங்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் தளர்ந்த நூல் அடித்துணியில் சுருண்டு சிக்கிக் குருவிக்கூடுபோல் கிடக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. போர்வையைத் திருப்பும்போதுதான் தெரியவரும்.

அதன்பின் எளிய வழி குட்டித் தையல். வழக்கமான குயில்ட் தையலின் நீளம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர். தொடக்கத்தில் அதை அரை மில்லிமீட்டருக்குக் குறைத்து, கால் அங்குலம்வரை ஓட்டி, பிறகு மெல்ல மெல்ல வழக்கமான நீளத்துக்குக் கூட்ட வேண்டும். முடிக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். நெருக்கமாக விழும் தையல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்வதால் நுனியை ஒட்ட நறுக்கிவிடலாம். துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, கையாலேயே துணியை ஓட்டிப் பூவும் கொடியும் வரைகிறவர்களுக்கு நீளத்தைக் குறைக்கும் லீவர் உதவாது. அவர்கள் மெஷினை ஒரே வேகத்தில் வைத்து, துணியை மிக மெதுவாக நகர்த்தினால் அதே குட்டித் தையல் விழும். நகர்த்தாமல் ஒரே துளையில் குத்திக்கொண்டிருந்தால் அடியில் உருண்டைதான் மிஞ்சும்.

இன்னும் நேர்த்தியான வழி, நுனியைப் பஞ்சுக்குள் புதைப்பது. தொடக்கத்திலும் முடிவிலும் நாலைந்து அங்குல நூலை விட்டுவைத்து, இரண்டு நுனியையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, துணிக்கு மிக அருகில் முடிச்சுப் போட வேண்டும். இரண்டையும் ஒரு கை ஊசியில் கோத்து, கடைசித் தையல் இறங்கிய அதே துளையில் குத்தி, அடித்துணியைத் தொடாமல் பஞ்சுக்குள்ளேயே ஓர் அங்குலம் ஊசியை ஓட்டி வெளியே எடுக்க வேண்டும். மெல்லச் சுண்டி இழுத்தால் ‘டப்’பென்று முடிச்சு உள்ளே போய்விடும். நூலைச் சற்று இழுத்துப் பிடித்து ஒட்ட நறுக்கினால் நுனியும் உள்ளே சுருங்கி மறையும். காதின் பக்கவாட்டில் பிளவு உள்ள ஊசி இருந்தால் கோக்கும் சிரமமும் இல்லை. நூலை அந்தப் பிளவில் அழுத்தினாலே போதும்.

நுனிகளின் எண்ணிக்கையையே குறைப்பது இவை இரண்டையும்விடப் புத்திசாலித்தனம். போர்வையின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி மறு ஓரத்துக்கு வெளியே முடித்தால், பின்னால் தைக்கும் ஓரப்பட்டி அத்தனை நுனிகளையும் கவ்விக்கொள்ளும். வட்டம்போல் மூடிய கோலமானால், தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவந்து பழைய தையலின் மேலேயே சில தையல் ஓட்டி முடிக்கலாம். அறுபடாமல் வளைந்து வளைந்து செல்லும் கோலங்கள் குயில்ட்காரர்களிடம் செல்வாக்குப் பெற்றதற்கு இந்தச் சௌகரியமும் ஒரு காரணம்.

பாதி வழியில் பாபின் தீர்ந்துபோவதை மட்டும் எந்தத் திட்டமும் தடுக்காது. அப்போது ஓட்டிய தையலில் மூன்று நான்கு அங்குலம் பிரித்து, புதைக்கப் போதிய நுனியைச் சேர்த்துக்கொண்டு, கடைசித் துளையிலேயே புது நூலைத் தொடங்க வேண்டும். நைலான் போன்ற வழுக்கும் நூலுக்குக் குட்டித் தையலைக் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓட்டுவது நல்லது. பருத்தி நூலுக்கு அந்தக் கவலை குறைவு.

கைத்தையலே உசத்தி என்றிருந்த அமெரிக்கக் குயில்ட் உலகில், 1989-ல் கென்டக்கி மாநிலம் படூக்கா நகரக் கண்காட்சியில் காரல் பிரையர் ஃபாலர்ட்டின் ‘கரோனா 2: சோலார் எக்லிப்ஸ்’ முதற்பரிசு பெற்றது. மெஷினில் தைத்த குயில்ட் ஒன்று அங்கே அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல்முறை. இன்று போட்டிகளில் நடுவர்கள் நுனிகளைத் தேடிப் பார்க்கிறார்கள். போட்டிக்கு அனுப்பும் குயில்ட்டுக்குப் புதைப்பதுதான் முறை. குழந்தை போர்த்திப் புரண்டு, அடிக்கடி துவைபடும் போர்வைக்குக் குட்டித் தையலே போதும்; அதற்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து நுனி புதைப்பது வீண்வேலை.