காலை நேரத்தைக் காசுக்கு வாங்குகிறார்கள்! உச்சிப்புளி அடுப்படியில் ஒரு கணக்கு

உச்சிப்புளி,

பஸ்சைப் பிடிக்க வேண்டும். பிள்ளைக்கு டிபன் கட்ட வேண்டும். ராத்திரிப் பாத்திரம் முற்றத்தில் கிடக்கிறது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். வீட்டில் இருப்பது ஒரு பொம்பளை. அவளுக்கு இருப்பது இரண்டே கை. என்னதான் செய்வாள்?

"பேசாம ஒரு ஆள் வெச்சுக்க!"

இந்த யோசனையைச் சொல்லாத அக்கம்பக்கம் இல்லை.

உச்சிப்புளி, மண்டபம் ஒன்றியத்து ஊர். கடற்படையின் பருந்து விமானத் தளம் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரியும். ராமேஸ்வரம் ரெயிலில் போகிறவர்களுக்கு மண்டபம் வருவதற்கு முன் ஒரு ஸ்டேஷன். சுற்றிலும் நாகாச்சி, பெருங்குளம், புதுமடம் என்று ஊர்கள். தென்னந்தோப்பைத் தாண்டினால் கடல்.

பள்ளிக்கூட வேலை, ஆபீஸ் வேலை, கடை வேலை என்று பெண்களும் காலையில் படி இறங்கும் காலம் இது. முன்பெல்லாம் பண்ணையார் வீட்டிலும் பெரிய அதிகாரி வீட்டிலும்தான் "ஆள்" இருக்கும். இப்போது அந்தப் பேச்சு மாதச் சம்பளக்காரர் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

மாவும் மீனும்

ஆள் வைக்காத வீடு தப்பித்ததா என்றால் அதுவும் இல்லை. அங்கேயும் காசு கொடுத்துத்தான் வேலை நடக்கிறது. பெயர்தான் வேறு.

மாவு பாக்கெட் வாங்குகிறவர் அரிசியையும் உளுந்தையும் மட்டுமா வாங்குகிறார்? ஊறப் போட்டு, ஆட்டி, வழித்து, கழுவிக் கவிழ்க்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். காலையில் சைக்கிளில் வரும் இடியாப்பத்தை நிறுத்தி வாங்குவதும் அதே கணக்கு. மீன் கடையில், "அக்கா, சுத்தம் பண்ணிக் குடுத்துருங்க" என்று தனியாகக் காசு நீட்டினால் செதில் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கைக்கு வந்துவிடும். அதுவும் அதே கணக்குத்தான்.

மாவு ஆட்டும் வேலையில் அரசாங்கமே ஒரு முறை கை கொடுத்தது. 2011 செப்டம்பரில் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆட்டுக்கல் கொல்லைப்புறம் போனது. குழவி மூலையில் சாய்ந்தது.

ஆனால் கிரைண்டர் பாத்திரம் தேய்க்காது. துணி காயப் போடாது. தண்ணீர் சுமக்காது.

தண்ணீர்தான் பெரிய வேலை

ராமநாதபுரம் மாவட்டத்தில் வீட்டு வேலை என்று பேச ஆரம்பித்தால் தண்ணீரில்தான் வந்து நிற்கும்.

கடற்கரைப் பக்கம் பல இடத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பிய பொம்பளைகள் இந்தக் கரையில் ஏராளம். குடங்களைப் பதித்து வைக்கத் தோதாகச் செய்த தள்ளுவண்டியை இந்த மாவட்டத்துத் தெருக்களில் பார்க்கலாம். அதைத் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாலும் பெண்கள்தான்.

காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனாலும் லாரித் தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கும் வழக்கம் போகவில்லை. காசு இருக்கும் வீட்டுக்கு வாசலில் தண்ணீர். இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு இடுப்பில் குடம்!

289 நிமிஷம்!

வீட்டு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? மத்திய அரசே வீடு வீடாகக் கேட்டுக் கணக்கு எடுத்திருக்கிறது.

2024-ல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதில் செலவழிப்பது 289 நிமிஷம். அதாவது 4 மணி 49 நிமிஷம். ஆண்? வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களையே எடுத்தாலும் 88 நிமிஷம்தான். 2019-ல் எடுத்த கணக்கில் பெண்ணுக்கு 299, ஆணுக்கு 97. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்கு 10 நிமிஷம் குறைந்தது. ஆண்பிள்ளைகள் பங்குக்கு அவர்களும் 9 நிமிஷம் குறைத்துக்கொண்டார்கள்!

2023 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு மாதம் ரூ.1,000 வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. இது உதவித்தொகை அல்ல, வீட்டில் பெண்கள் பார்க்கும் சம்பளமில்லாத உழைப்புக்கான உரிமைத் தொகை என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். அடுப்படியில் நடப்பதும் உழைப்புத்தான் என்று அரசாங்கமே எழுதிவைத்தது போல ஆயிற்று.

மணிக்கு 37 ரூபாய்

காசு கொடுத்து ஆள் வைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்த வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு.

2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குக் கூலி நிர்ணயித்தது. மணிக்கு 37 ரூபாய் முதல் 39 ரூபாய் வரை. தினம் இரண்டு மணி நேரம் வந்து பாத்திரம் தேய்த்து, வீடு கூட்டி, துணி துவைத்தால் குறைந்த விகிதத்தில் பார்த்தாலும் 30 நாளுக்கு ரூ.2,220 வருகிறது.

கணக்கை இன்னொரு பக்கம் திருப்பிப் போட்டால் தலை சுற்றும். வீட்டுக்காரி சும்மா பார்க்கும் அந்த 289 நிமிஷ வேலைக்கு, இதே 37 ரூபாய் வீதம் ஆள் வைத்தால் மாதம் ரூ.5,300-க்கு மேல் ஆகிறது. "வீட்டுல சும்மாதானே இருக்கா" என்று சொல்லும் கணவன்மார்கள் ஒரு முறை பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

கூலி பேசும்போது யாரும் மணிக் கணக்கு பேசுவதில்லை. "மாசம் இவ்வளவு" என்றுதான் பேச்சு. பாத்திரம் மட்டும் என்று ஆரம்பிக்கும். "அப்படியே வாசலையும் தெளிச்சிரு" என்று நீளும். விருந்தாளி வந்தால் பாத்திரம் இரண்டு மடங்கு. சம்பளம் அதேதான்.

கூப்பிடுவது "அக்கா" என்று. காபி மட்டும் தனி டம்ளரில்! எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. ஆனால் அப்படிப்பட்ட வீடுகள் ஒழிந்துவிட்டன என்றும் சொல்ல முடியாது.

நகை காணோம் என்றால்...

இந்தத் தொழிலில் பெரிய பயம் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு மோதிரம் காணவில்லை என்றால் முதல் பார்வை யார் மேல் விழும்? சொல்ல வேண்டியதே இல்லை. பீரோவுக்குப் பின்னால் மோதிரம் அகப்படும் வரை அவள் திருடிதான்.

புகார் கொடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் சாட்சி விசாரணை என்று சொல்லி ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வா என்று போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. அவள் குடியிருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதையே சொல்கிறது. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யவும் கூடாது. அவசியம் என்றால் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். இது தெரியாமல் பயந்து நடுங்குகிறவர்களே அதிகம்.

வேலை செய்யும் வீட்டில் யாராவது தப்பாக நடந்தால்? 2013-ல் வந்த பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் அடக்கம். அந்த வீடும் பணியிடம்தான். மாவட்டத்தில் உள்ள புகார்க் குழுவிடம் போகலாம்.

"சின்னப் புள்ளையா வெச்சா சொன்ன பேச்சு கேக்கும்" என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.20 ஆயிரம் முதல் ரூ.50 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். புகாருக்கு போன் நம்பர் 1098.

வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-ல் தமிழக அரசு தனி நல வாரியம் அமைத்தது. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம் ஆகியவற்றுக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, இவர்களுக்குத் தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

கடலுக்குப் போகிறவள்

ஆள் வைக்க வழியே இல்லாத பெண்களும் இதே கரையில் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கிறவர்கள். விரலில் துணி சுற்றி, காலில் செருப்பைக் கட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பறித்து வருகிறார்கள். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருதே கிடைத்தது. கடல் வளம் அழியக் கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று இந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள்.

கடலில் எத்தனை நாள் என்று அவர்களால் முடிவு செய்ய முடிந்தது. அடுப்படிக்கு அப்படி நாள் குறிக்க முடியவில்லை. பாசிக்குப் போகிற நாளிலும் உலை வைத்து இறக்கிவிட்டுத்தான் கரைக்கு நடக்க வேண்டும்.

பாத்திரம் தேய்க்க வருகிறவள் கதையும் அதுதான். ஊரார் வீட்டில் ஏழு மணிக்கு நிற்க வேண்டும் என்றால், தன் வீட்டில் நாலு மணிக்கு எழ வேண்டும். தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளையை எழுப்பி விட்டுவிட்டு வருகிறாள். பிள்ளைக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு போடும் திட்டம் 2022-ல் தொடங்கி, மறு வருஷம் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. அதில் அவளுக்கு ஒரு அடுப்பு மிச்சம்.

ஒரு நாள் அவள் வரவில்லை என்றால் வீட்டுக்காரிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "காய்ச்சலாம், வரலையாம்" என்று வாசலில் நின்று பிள்ளை சொல்லிவிட்டுப் போகும். அன்றைக்குப் பஸ்சும் போய்விடும். மாதக் கடைசியில் அந்த ஒரு நாளுக்குச் சம்பளத்தைப் பிடிப்பதா, விடுவதா என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு நடக்கும்.

37 ரூபாய்க் கணக்கில் அது 74 ரூபாய்.