உங்கள் ஊர்ச் சிலையை மேஜைப் பொம்மையாக்கலாம்

கொலுப் படிகளில் காந்தி, நேரு, பாரதியார் பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் உங்கள் ஊர் மணிக்கூண்டோ, பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் தலைவர் சிலையோ பொம்மையாக எந்தக் கடையிலும் கிடைக்காது. அச்சு செய்து பொம்மை வார்ப்பவருக்கு நூற்றுக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். 3டி பிரிண்டருக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்று போதும் என்றால் ஒன்றே ஒன்று அடிக்கலாம்.

உருக்கிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காகப் படிய வைக்கும் முறைக்கான முக்கியக் காப்புரிமை 2009-ல் முடிவடைந்தது. அதன் பிறகுதான் இந்த பிரிண்டர்கள் வீட்டு மேஜைக்கு வந்தன.

முதல் வேலை போட்டோ எடுப்பது. சென்னை அண்ணா சாலையில் தீவுத்திடல் அருகே குதிரை மேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலையை எடுத்துக்கொள்வோம். 1839-ல் நிறுவப்பட்டது; அங்கவடி இல்லாத குதிரை என்று பெயர் பெற்றது. இப்படிப்பட்ட சிலையைச் சுற்றி வந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியைக் காட்டும்படி 60 முதல் 80 படங்கள் எடுக்க வேண்டும். ஜூமை மாற்றாதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம். மேகமூட்டமான காலை நேரம் நல்லது. வெயிலில் உலோகம் பளபளத்தால் சாஃப்ட்வேர் குழம்பிவிடும். கீழிருந்து எடுப்பதால் தலையின் உச்சி கிடைக்காது. அதற்காக ட்ரோன் பறக்கவிட நினைக்காதீர்கள். பக்கத்திலேயே ராணுவப் பகுதி இருக்கிறது! போக்குவரத்து நடுவே நிற்கும் சிலைக்குப் போகும் முன், வீட்டிலுள்ள ஒரு கொலு பொம்மையில் பழகிக்கொள்ளுங்கள்.

படங்களை மெஷ்ரூம் என்ற இலவச சாஃப்ட்வேரில் இழுத்துப் போட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். முழுத் தரம் வேண்டுமானால் என்விடியா கிராபிக்ஸ் கார்டு தேவை. அது இல்லாதவர்கள் பாலிகேம் போன்ற மொபைல் ஆப்களைப் பயன்படுத்தலாம். வரும் உருவத்தில் ரோடு, மரம், விளக்குக் கம்பம் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளெண்டரில் திறந்து அவற்றை வெட்டி, ஓட்டைகளை அடைத்து, அடிப்பாகத்தைச் சமமாக்கி, எஸ்டிஎல் ஃபைலாகச் சேமியுங்கள். இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.

எஸ்டிஎல் ஃபைலில் அளவின் அலகு இருக்காது. அதனால் கியூரா போன்ற ஸ்லைசர் சாஃப்ட்வேரில் திறந்ததும் சிலை கடுகளவில் தெரிந்தால் பயப்படாதீர்கள். உயரத்தை 100 மில்லிமீட்டர் என்று கொடுங்கள். அடுக்கின் கனம் 0.2 மில்லிமீட்டர் போதும். முகம் தெளிவாக வேண்டுமானால் 0.12. குதிரையின் வயிறு அந்தரத்தில் நிற்பதால் சப்போர்ட் வசதியை ஆன் செய்ய மறக்கக் கூடாது. சொந்தமாக பிரிண்டர் இல்லை என்றால் ஃபைலை மட்டும் கொடுத்துக் கூலிக்கு அடித்து வாங்கலாம்.

விற்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-வது பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிலையைப் படம் வரையவும் போட்டோ எடுக்கவும் அனுமதிக்கிறது. அந்தப் பட்டியலில் பொம்மை இல்லை. சிற்பியின் உரிமை அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். மன்றோ சிலையைச் செய்த ஃபிரான்சிஸ் சாண்ட்ரி 1841-லேயே இறந்துவிட்டார், சிக்கல் இல்லை. மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி காலமானது 1975-ல். அதை அடித்து விற்பதற்கு முன் உரிமை யாரிடம் என்று விசாரித்துக்கொள்வதே நல்லது.

தஞ்சாவூர் பொம்மைபோல் சாய்ந்து எழ வேண்டுமா? அடிப்பாகத்தை அரைக்கோளமாக வடிவமைத்து, அதன் உள்ளே ஒரு குழி விடுங்கள். குழி மூடும் முன் பிரிண்டை நிறுத்தும்படி ஸ்லைசரில் அமைத்து, இரும்புக் குண்டுகளை வைத்து ஒட்டிவிட்டுத் தொடருங்கள். எடை அடியில் இருக்கும்வரை பொம்மை விழாது.

காரின் டேஷ்போர்டில் வைப்பதாக இருந்தால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். அது சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் கண்ணாடியை மூடி நிறுத்திய காரில் மன்றோவின் குதிரை முட்டி போட்டுவிடும். ஏபிஎஸ் சுமார் 100 டிகிரி வரை தாங்கும்.