விற்பதா, குத்தகைக்கு விடுவதா? காலிக் கோட்டை தரும் பாடம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வைத்திருக்கும் சிலர், சுற்றுலாத் துறையில் முதலிடலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். 2021 இல் அத்தொகை 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் துறையில் கால் வைக்குமுன் காலிக் கோட்டையை ஒருமுறை பார்த்து வாருங்கள் என்பதே எனது பதில்.

போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் விரிவாகக் கட்டிய இக்கோட்டையை யுனெஸ்கோ 1988 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. சிகிரியாவைப் போலன்றி இதற்குள் குடும்பங்கள் வாழ்கின்றன. வெளிச்சவீட்டின் அருகே மீரான் பள்ளிவாசல் இருக்கிறது. நமது சமூகத்தவர் பலர் இங்கு இரத்தினக்கல் வியாபாரம் செய்கிறார்கள்.

ஓர் இடத்தின் பெயர் உலகுக்குத் தெரிந்தால் பயணிகள் வருவார்கள்; கூடவே காணி விலையும் ஏறும். வெளிநாட்டவர் காணி வாங்கும்போது செலுத்த வேண்டியிருந்த நூறு வீத வரி 2002 இல் நீக்கப்பட்டு, 2004 இல் மீண்டும் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் கோட்டைக்குள் பல வீடுகள் கைமாறி, ஹோட்டல்களாகவும் விடுமுறை வீடுகளாகவும் ஆகின. வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைச் சில விலக்குகளுடன் தடை செய்யும் சட்டம் 2014 இல்தான் வந்தது.

விற்றவருக்குக் கிடைத்தது பெருந்தொகைதான். ஆனால் அது ஒருமுறை வரும் பணம். விலை ஏறிய பின் அதே வீதியில் அவரால் ஓர் அறைகூட வாங்க முடியாது. குடும்பங்கள் வெளியேறினால் பலசரக்குக் கடைக்காரருக்கும் தையற்காரருக்கும் வாடிக்கையாளர் இல்லை. மக்கள் வாழாத கோட்டையில் பயணிக்கும் பார்க்க அதிகம் இராது.

ஆகவே எனது யோசனைகள் இவை. சொத்தை விற்காமல் குத்தகைக்கு விடுங்கள். ஒப்பந்தத்தை நொத்தாரிசு மூலம் எழுதி, வாடகை எப்போது எவ்வளவு கூடும் என்பதையும் அதில் சேருங்கள். வீட்டில் அறைகளை விடுவதானால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதியுங்கள். பழைய கட்டடத்தின் முகப்பிலோ கூரையிலோ கை வைக்குமுன் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுங்கள். கடை வைப்பவர்கள், எங்கும் கிடைக்கும் இறக்குமதிப் பொருளைவிட, தென்பகுதிப் பெண்கள் பின்னும் பீரலு ரேந்தை போன்றவற்றை விற்றால் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும். ஆனால் முழு வருமானத்தையும் பயணிகளை நம்பி வைக்காதீர்கள். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்கும் அடுத்த ஆண்டின் கொரோனாவுக்கும் பிறகு தாக்குப்பிடித்தவர்கள் வேறு தொழிலும் கையில் வைத்திருந்தவர்களே.

இது காலிக்கு மட்டுமான கதையல்ல. கொட்டாஞ்சேனையை அடுத்து, ஒல்லாந்தர் 1749 இல் கட்டத் தொடங்கிய வுல்பெண்டால் தேவாலயம் நிற்கிறது. சுற்றிலும் பழைய கட்டடங்கள், நடுவே நமது கடைகள். நாளை அங்கும் நல்ல விலை பேசிக்கொண்டு ஆள் வரலாம். உறுதியில் கையொப்பமிடுமுன் பத்து வருட வாடகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.