லாப்ரடாருக்கு ‘ஃபெட்ச்’ பழக்குவது எப்படி? - பந்தை எடுப்பது பாதி வேலைதான்!

2023 பிப்ரவரியில் துருக்கியை நிலநடுக்கம் புரட்டிப் போட்டபோது, இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படையுடன் ஜூலி, ரோமியோ என்ற லாப்ரடார்களும் அங்கே போயின. காஸியான்டெப் மாகாணத்தில் இடிபாடுகளுக்குள் 6 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரோடு இருப்பதை முதலில் குரைத்துக் காட்டியது ஜூலி. உறுதிசெய்தது ரோமியோ. அதே இனத்து நாய்தான் புதுச்சேரி அபார்ட்மென்ட்களில் செருப்பைக் கடித்து, சோபாவைக் கிழித்து, ‘இது ஏன் இப்படிப் பண்ணுது?’ என்று உரிமையாளரை கூகுளில் தேட வைக்கிறது.

பல வீடுகளில் பதில் எளிது. அதற்கு வேலை இல்லை, போரடிக்கிறது.

என்ன வேலைக்காகப் பிறந்த நாய்?

‘ரிட்ரீவர்’ என்றால் தேடி எடுத்து வருவது. லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு தண்ணீரில் வேலை பார்த்தவை. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போன அவற்றை, சுட்டு விழுந்த வாத்துகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துவர அங்குள்ள பிரபுக்கள் பழக்கினார்கள். 1903-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் தனி இனமாக அங்கீகரித்தது. விரல்களுக்கு நடுவே சவ்வு, நீர் ஒட்டாத இரட்டை ரோமம், துடுப்பு மாதிரி தடித்த வால் எல்லாமே அந்த வேலைக்கானவை. நம்ம ஊர் சிப்பிப்பாறை வேறு ரகம். கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கிற நாய் அது. அதனிடம் பந்தை எறிந்துவிட்டு, ‘கொண்டு வா’ என்று காத்திருப்பவருக்குப் பொறுமை நிறைய வேண்டும்.

வாத்து வேட்டை இங்கே நடக்குமா?

நடக்காது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம். சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு இருக்கும் அர்த்தம் பலருக்குத் தெரியாது: சுடுவது மட்டுமல்ல, விரட்டுவதும் அதில் சேரும். நகருக்கு மேற்கே இருக்கும் ஊசுடு ஏரியை 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகள் அங்கே இரை தேடி, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால்தான் திரும்பிப் பறக்க முடியும். ‘சும்மா விளையாட’ அவிழ்த்துவிட்ட நாய் ஒரு கூட்டத்தை எழுப்பிவிட்டால், அந்தக் காலை நேரத்து இரை போச்சு. சரணாலயத்துக்குள் வேட்டை என்று நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆக, பயிற்சிக்கு ஏரிக்கரை வேண்டாம். வீட்டு வராண்டாவே போதும்.

வராண்டாவில் ஆரம்பம்

எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். குட்டி பந்தைக் கவ்வியதும் உரிமையாளர் பின்னாலேயே ஓடுவார். குட்டிக்கு அது ஓடிப்பிடிக்கிற விளையாட்டு. ஒரு வாரத்தில், ‘பந்தை எடுத்தா ஓடணும்’ என்று அது முடிவு கட்டிவிடும். ரிட்ரீவர் பயிற்சியில் ஓடிப்போய் எடுப்பது பாதிதான். மீதிப் பாதி, திரும்பி வந்து கையில் கொடுப்பது.

அதனால் குறுகலான, ஒரு பக்கம் மூடிய வராண்டாவைத் தேர்ந்தெடுங்கள். சுருட்டிக் கட்டிய பழைய டவல் போதும். நாலைந்து அடி தூரம் உருட்டிவிட்டு, குத்துக்காலிட்டு உட்காருங்கள். எடுத்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே பின்னால் நகருங்கள். வேறு வழி இல்லாததால் உங்களிடம்தான் வரும். வந்தவுடன் பிடுங்காதீர்கள், டவல் வாயில் இருக்கும்போதே கழுத்தைத் தடவிக் கொடுங்கள். பிறகு பிஸ்கட் துண்டை மூக்கருகே காட்டினால் தானாக விடும். அந்த நொடியில் ‘விடு’ என்று சொல்லுங்கள். இழுத்துப் பிடித்து விளையாடுவதை இந்தக் கட்டத்தில் தவிர்க்கவும். பொருளை அழுத்தாமல் மென்மையாகக் கவ்வும் பழக்கம் அதில் கெடலாம்.

ஒரு தடவைக்கு மூன்று, நான்கு எறிதல் போதும். ‘இன்னும் ஒண்ணு’ என்று நாய் கேட்கும்போதே நிறுத்த வேண்டும். பல் மாறும் 4 முதல் 6 மாத வயதில் ஈறு வலிக்கும், கவ்வ மறுக்கலாம். அப்போது விட்டுவிடுங்கள்.

திரும்பக் கொடுக்கப் பழகிய பிறகுதான் அடுத்த பாடம்: காத்திருப்பது. நாயை உட்காரவைத்து, லேசாகப் பிடித்துக்கொண்டு பொருளை எறியுங்கள். அது நிலத்தில் விழுந்து, நாய் அமைதியான பிறகே ‘போ’. வேட்டைக்காரர்களுக்கு இது துப்பாக்கிச் சத்தத்துக்குப் பாயாமல் இருக்கப் பயன்பட்டது. நமக்கு? தெருவில் பூனையைப் பார்த்ததும் கயிற்றோடு உங்களையும் இழுத்துக்கொண்டு ஓடாமல் இருக்க.

இது பழகியதும் மொட்டை மாடியில் டவலை ஒளித்துவைத்துத் தேடவிடலாம். பத்து நிமிடம் மோப்பம் பிடித்துத் தேடிய நாய், நீண்ட வாக்கிங் போன மாதிரி களைத்துப் படுத்துவிடும்.

தண்ணீர், வெயில், தட்டு

நீந்தும் இனம்தானே என்று குட்டியைத் தூக்கிக் குளத்தில் போடுவது மோசமான தொடக்கம். ஒருமுறை பயந்தால் தேற்ற மாதங்கள் ஆகும். கணுக்கால் அளவு தண்ணீர் உள்ள டப்பில், அதுவாக இறங்கட்டும். பீச் ரோடு பக்கம் பாறையும் அலையும் உண்டு. பழகாத நாய்க்கு அது இடமில்லை. கடல் நீரைக் குடித்தால் வாந்தி, பேதி ஆகும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். அது மனிதர்களுக்கும் பரவும். வருடாந்திரத் தடுப்பூசியில் அதுவும் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மே மாதத்தில் காலை 7 மணிக்கு முன்பே பயிற்சியை முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

இன்னொன்று, லேப் எப்போதும் பசிப்பதுபோல் பார்ப்பது வெறும் நடிப்பு கிடையாது. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், வயிறு நிறைந்த உணர்வோடு தொடர்புள்ள ‘பிஓஎம்சி’ மரபணுவில் ஒரு மாற்றத்தை லாப்ரடார்களில் கண்டறிந்தார்கள். சுமார் நான்கில் ஒரு லேபுக்கு அது இருக்கிறது. அந்த நாய்கள் உணவில் அதிக ஆசை காட்டுகின்றன, எடையும் கூடுதல். இதே ஆசைதான் பிஸ்கட் கொடுத்துப் பழக்குவதை எளிதாக்குகிறது. பயிற்சியில் கொடுத்த துண்டுகளை மட்டும் மறக்காமல் ராத்திரிச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.